நான் அழித்த சாட்சியம்

நான் கார் மெக்கானிக். திண்டுக்கல்லில் சிறிய ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். ஒரு வண்டியின் கோளாறு என்னவென்று தெரியாமலே தெரிந்த மாதிரி நடந்துகொண்டேன். நல்ல பாகங்களைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியவற்றை மாட்டிப் பணம் வாங்கினேன். வண்டியை நிறுத்தச் சொல்ல வேண்டிய நேரத்தில் ஓட்டச் சொன்னேன். கடைசியில் பழியை என்னிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்த ஒரு பையன் மேல் போட்டேன். இந்த நான்கும் அறியாமல் நடந்தவை அல்ல. ஒவ்வொன்றையும் செய்யும்போது, செய்யக் கூடாதது என்று எனக்குத் தெரிந்திருந்தது. படிக்கிற நீங்கள் தீர்ப்புச் சொல்கிற இடத்தில் இருக்கிறீர்கள். அதனால் எதையும் குறைக்காமல் சொல்கிறேன்.

நான் தொழில் கற்றது கார்புரேட்டர் காலத்தில். அம்பாசிடர், பத்மினி, பழைய மாருதி 800. என்ஜின் மிஸ்ஸிங் அடித்தால் ஐட்லிங்கில் ஓடவிட்டு, பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்போம். நல்ல சிலிண்டரின் வயரைக் கழற்றினால் என்ஜின் இன்னும் திணறும். எந்த வயரைக் கழற்றியும் சத்தம் மாறவில்லையோ, அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பொருள். அப்புறம் அந்தப் பிளக்கை வேறு சிலிண்டரில் போட்டுப் பார்ப்போம். கோளாறு பிளக்கோடு கூடவே போனால் பிளக் கெட்டது. பழைய இடத்திலேயே நின்றால் வேறு காரணம் தேட வேண்டும். காசு செலவில்லாத சோதனை. எனக்குத் தொழில் சொல்லித் தந்தவர், சோதிக்காமல் பாகத்தை மாற்றக் கை வைத்தால் அந்தக் கையிலேயே அடிப்பார்.

2000ஐ ஒட்டி கார்புரேட்டர் போய் எம்பிஎஃப்ஐ வந்தது. பெட்ரோலை எவ்வளவு தெளிப்பது, எந்த நேரத்தில் பொறி விடுவது என்பதை எல்லாம் கம்ப்யூட்டர் முடிவு செய்யத் தொடங்கியது. என்ஜின் கோளாறைக் கம்ப்யூட்டரே கண்டு பதிந்து வைக்கும் ஓபிடி 2 முறை அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து கட்டாயம். இந்தியாவில் அதன் முதல் கட்டம் 2010 ஏப்ரலிலும், இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலிலும் வந்தன. ஸ்டீயரிங்குக்குக் கீழே பதினாறு பின் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். ஸ்கேனரை அதில் செருகினால் கோளாறுக்கான ‘கோடு’ (code) வரும்.

எனக்குப் பயம் வந்தது. காதாலும் கையாலும் கற்ற தொழில் கையை விட்டுப் போகிறது என்ற பயம். கடன் வாங்கி ஒரு ஸ்கேனர் வாங்கினேன். வாசலில் ‘கம்ப்யூட்டர் செக்கிங்’ என்று போர்டு மாட்டினேன். கோடைப் படிக்கக் கற்றேன். கோடை அழிக்கக் கற்றேன். அதற்கு மேல் கற்கவில்லை. ஸ்கேனரில் லைவ் டேட்டா என்று ஒரு பக்கம் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் என்ஜினின் அளவுகள் அதில் மாறிக்கொண்டே இருக்கும். ஆக்சிஜன் சென்சாரின் வோல்ட், ஃப்யூல் ட்ரிம் சதவீதம், இன்ஜெக்டர் திறந்திருக்கும் மில்லிசெகண்டு. எனக்கு அது புரியவில்லை. ஐடிஐ முடித்துவிட்டு என்னிடம் சேர்ந்த பையனுக்குப் புரிந்தது. அவனுக்குப் பத்தொன்பது வயது. அவனிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வண்டிக்காரர் யாராவது பக்கத்தில் வந்து நின்றால், அவர் ஏதாவது கேட்டுவிடுவாரோ என்று லைவ் டேட்டா பக்கத்தை மூடிவிடுவேன். என் ஒர்க்‌ஷாப்பில் என்னை விட ஒரு பையனுக்கு அதிகம் தெரியும் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. இது ஆணவம். வேறு பெயர் இல்லை.

இனி அந்த வண்டி. நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். டாக்சியாக ஓடியது. ஓட்டியவரே முதலாளி, பைனான்ஸில் எடுத்த வண்டி. செக் என்ஜின் விளக்கு எரிகிறது என்று கொண்டு வந்தார்.

“அண்ணே, காலையில எடுக்கும்போது நல்லாத்தான் இருக்கு. ஆளு ஏத்தி, ஏசி போட்டு, மேடு ஏறுனா மட்டும் ஒதறுது.”

அவர் சொன்ன அந்த ஒரு வரியில் பாதி விடை இருந்தது. நான் ஸ்கேனரைச் செருகிக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது, மனதில் வாங்கவில்லை.

வந்த கோடு பி 0303. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் என் குற்றம் இதற்குள்தான் இருக்கிறது. ‘பி’ என்ற எழுத்து என்ஜின், கியர்பாக்ஸ் பகுதியைக் குறிக்கும். அடுத்து வரும் 0, எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோடு என்று சொல்கிறது. அதற்கடுத்த 3, பொறியும் மிஸ்ஸிங்கும் சேர்ந்த பிரிவு. கடைசி 03, மூன்றாவது சிலிண்டர். கம்ப்யூட்டரால் சிலிண்டருக்குள் எட்டிப் பார்க்க முடியாது. கிராங்க் ஷாஃப்ட் சுற்றும் வேகத்தை ஒரு சென்சார் அளந்து அதற்குச் சொல்கிறது. ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும்போது கிராங்குக்கு ஓர் உந்துதல் கிடைக்கும். மூன்றாவதன் முறை வரும்போது அந்த உந்துதல் கிடைக்காவிட்டால் கிராங்க் கண நேரம் தயங்கும். அந்தத் தயக்கத்தைத்தான் கம்ப்யூட்டர் எண்ணி வைக்கிறது. காரணம் பிளக்காக இருக்கலாம். பிளக்குக்குப் பொறி தரும் காயிலாக இருக்கலாம். அடைத்த இன்ஜெக்டர், எரிந்த வால்வு, குறைந்த கம்ப்ரஷன், ஒழுகும் ஹெட் கேஸ்கெட், அறுந்த வயர், எதுவாகவும் இருக்கலாம். பி 0303 இவற்றில் எதையும் சொல்வதில்லை. எந்தச் சிலிண்டரில் தேட வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. நான் அதை, மூன்றாவது காயிலை மாற்று என்று படித்தேன்.

பையன் பக்கத்தில் நின்றான். “அண்ணே, மூணாவது காயில ஒண்ணாவதுல மாத்திப் போட்டுப் பாக்கலாமா? கோடு 0301ன்னு மாறுச்சுன்னா காயில்தான்” என்றான். என் குரு எனக்குப் பிளக்கை வைத்துச் சொல்லித் தந்த அதே சோதனை. பத்து நிமிட வேலை. டாக்சிக்காரரும் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு முகம் சுட்டது. “நீ எனக்குச் சொல்லித் தர்றியா? போய் அந்த வண்டி ஆயிலை எறக்கு” என்றேன். அவன் போய்விட்டான்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் இந்தத் தொழிலில் பெரிய பாவம். கோடு பதிவாகும் அந்த நொடியில் என்ஜின் எந்த நிலையில் இருந்தது என்பதையும் கம்ப்யூட்டர் சேர்த்தே பதிந்து வைக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று பெயர். என்ஜின் எவ்வளவு சூடு, வண்டி எவ்வளவு வேகம், எத்தனை ஆர்பிஎம், எவ்வளவு லோடு, எல்லாம் அதில் இருக்கும். அந்தப் பக்கத்தைத் திறந்திருந்தால், என்ஜின் நன்றாகச் சூடேறி, லோடு கூடிய நிலையில் மட்டும் உதறுகிறது என்று தெரிந்திருக்கும். வண்டிக்காரர் வாயால் சொன்னதற்கு வண்டியே சாட்சி சொல்லியிருக்கும். நான் அழிக்கும் பொத்தானை அழுத்தினேன். கோடு போகும்போது ஃப்ரீஸ் ஃப்ரேமும் சேர்ந்து போய்விடும். ஒரு நீதிமன்றத்தில் சாட்சியத்தை அழித்தால் அது குற்றம். நான் அழித்துவிட்டு, “சரியாயிருச்சு தம்பி, வெளக்கு போயிருச்சு பாருங்க” என்றேன்.

பிளக் நான்கையும் மாற்றினேன். மூன்றாவது காயிலையும் மாற்றினேன். பணம் வாங்கினேன்.

விளக்கு போனதற்குக் காரணம் நான் செய்த வேலை அல்ல. அழித்த கோடு உடனே திரும்பி வராது. சாதாரண மிஸ்ஸிங் என்றால், பெரும்பாலும் இரண்டு ஓட்டங்களில் அடுத்தடுத்துக் கண்ட பிறகே கம்ப்யூட்டர் விளக்கை எரிய விடும். அந்த இடைவெளி மெக்கானிக்குக்கு லாபம். வண்டிக்காரர் திருப்தியாகப் போவார். கோளாறு அவர் கூடவே போகும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே அந்த இடைவெளியைப் பயன்படுத்தினேன்.

விளக்கு திரும்ப வந்தது. அவரும் திரும்ப வந்தார். இந்த முறை இன்ஜெக்டர் என்றேன். மாற்றினேன், அழித்தேன், பணம் வாங்கினேன். பாதியைக் கடன் சொன்னார். பெருந்தன்மையாகத் தலையாட்டினேன். ‘எனக்குப் பிடிபடவில்லை தம்பி, வண்டியை ஒரு நாள் விட்டுவிட்டுப் போங்க’ என்று சொல்ல வாய் வரை வந்தது. வாசலில் தொங்கிய போர்டு நினைவுக்கு வந்தது. சொல்லவில்லை.

பிறகு அந்த விடியற்காலை.

கொடைக்கானலில் ஒரு கல்யாணம். பெண்ணின் தாய்மாமன் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு இருட்டிலேயே கிளம்பியிருக்கிறார். வத்தலக்குண்டு தாண்டி மலைப்பாதையில் ஏறும்போது எனக்குப் போன் செய்தார்.

“அண்ணே, வெளக்கு இப்ப நின்னு எரியல. விட்டு விட்டு எரியுது. வண்டி ரொம்ப ஒதறுது. ஓரமா நிப்பாட்டிரவா?”

செக் என்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் ஒரு பொருள், விட்டு விட்டு எரிந்தால் இன்னொரு பொருள். நிலையாக எரிந்தால் கோளாறு இருக்கிறது, சீக்கிரம் காட்டு என்று பொருள். விட்டு விட்டு எரிந்தால், மிஸ்ஸிங் மிக அதிகம், எரியாத பெட்ரோல் சைலன்சர் குழாய்க்குள் போகிறது, இப்போதே வேகத்தைக் குறைத்து நிறுத்து என்று பொருள். அந்தக் குழாயில் கன்வெர்ட்டர் இருக்கிறது. பீங்கானால் ஆன, நுண்ணிய துளைகள் நிறைந்த ஒரு கட்டி. அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்ற விலை உயர்ந்த உலோகங்கள் பூசியிருக்கும். புகையில் உள்ள நச்சை மாற்றுவது அதன் வேலை. எரியாத பெட்ரோல் அங்கே போய் எரிந்தால் பீங்கானே உருகும் அளவுக்குச் சூடு ஏறும். இதெல்லாம் எனக்குத் தெரியும். லைவ் டேட்டாதான் தெரியாது. இது தெரியும்.

நிறுத்தச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். நான் மலை ஏறிப் போக வேண்டும். இத்தனை பாகம் மாற்றியும் ஏன் என்று அவர் கேட்பார். வண்டியில் இருக்கிறவர்கள் முன்னால் கேட்பார். வண்டியை இழுத்து வரும் செலவு என் தலையில் விழும். இவ்வளவையும் யோசிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை.

“ஒண்ணும் ஆகாது தம்பி. ஏசிய ஆஃப் பண்ணிட்டு மெதுவா ஏத்திட்டுப் போங்க. வந்து பாத்துக்கலாம்” என்றேன். போனை வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. திரும்ப அழைத்துச் சொல்லியிருக்கலாம். அழைக்கவில்லை.

நடந்ததைப் பிறகு அவர் சொல்லித்தான் தெரியும். பெருமாள்மலைக்குக் கீழே ஒரு வளைவில் வண்டி இழுக்க முடியாமல் நின்றுவிட்டது. கன்வெர்ட்டர் உருகி அடைத்துவிட்டதால் புகை வெளியே போக வழியில்லை. என்ஜின் மூச்சு முட்டி அணைந்துவிட்டது. என்ஜின் அணைந்தால் பிரேக்குக்கு உதவும் வேக்குவம் புதிதாக உருவாகாது. இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். ஸ்டீயரிங்கும் இறுகிவிடும். மேட்டில் நின்ற வண்டி பின்னால் உருளத் தொடங்கியிருக்கிறது. அவர் ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்திருக்கிறார். உள்ளே இருந்தவர்கள் இறங்கி ஓடிப் போய்ப் பாறைக் கல்லை எடுத்து வந்து டயருக்கு அண்டை கொடுத்திருக்கிறார்கள். வண்டியில் ஒரு பாட்டியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். வண்டிக்கு அடியில் குழாய் சிவந்து தெரிந்ததாம். யாருக்கும் அடிபடவில்லை. அதில் என் பங்கு எதுவும் இல்லை. அந்த டிரைவரின் கைப்பிடியும், அங்கே கிடந்த கல்லும்தான் அவர்களைக் காப்பாற்றின.

மேலே போகும் வேன் ஒன்றில் இடம் கேட்டு ஏறிப் போயிருக்கிறார்கள். மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது முகூர்த்தம் முடிந்துவிட்டது. தாய்மாமன் சீர் தட்டோடு அவர்கள் வாசலில் போய் நின்றபோது, பெண் கழுத்தில் தாலி ஏறியிருந்தது. நம் ஊரில் இதற்கு என்ன பொருள் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பெண்ணுக்கும் அவள் மாமனுக்கும் அந்த நேரம் மறுபடி வராது. அதை எடுத்துக்கொண்டவன் நான். அவர்கள் யார் என்றுகூட எனக்குத் தெரியாது.

வண்டி என் ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்து வரப்பட்டது. கன்வெர்ட்டரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். வரிசை வரிசையாகத் துளை தெரிய வேண்டிய இடத்தில், வெல்லப்பாகு இறுகியது போல ஒரே கட்டி. குலுக்கினால் உடைந்த துண்டுகள் உள்ளே உருண்டன. டிரைவர் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை. இது எவ்வளவு ஆகும் என்ற கணக்கு மட்டும் இருந்தது. “எப்படிண்ணே ஆச்சு?” என்று கேட்டார்.

அப்போது சொல்லியிருக்கலாம். எனக்கு முன்னால் ஒரு நேரான வழி இருந்தது. நான் திரும்பிப் பையனைப் பார்த்தேன். “இவன் காயில் கிளிப்ப ஒழுங்கா மாட்டாம விட்டிருக்கான். நான் கவனிக்கல, அது என் தப்புதான்” என்றேன். அந்தக் கடைசி வார்த்தையைக்கூட என்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ளத்தான் சேர்த்தேன்.

பையன் அந்தக் காயிலைத் தொட்டதே இல்லை. அன்றைக்கு அவனை நான் ஆயில் இறக்க அனுப்பியிருந்தேன். அவன் என்னைப் பார்த்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. டிரைவர் அவனைத் திட்டினார். வாங்கிக்கொண்டான். மறுநாள் வேலைக்கு வரவில்லை. அந்த மாதச் சம்பளத்தைக் கேட்டும் வரவில்லை. நானும் கொடுத்தனுப்பவில்லை.

புதுக் கன்வெர்ட்டருக்குப் பாதிப் பணத்தை நான் போட்டேன். “பையன் தப்புக்கு நீங்க ஏண்ணே அழணும்?” என்று டிரைவர் தழுதழுத்தார். கைகூப்பினார். என்னால் நட்டப்பட்டவர் எனக்கு நன்றி சொன்னார். அந்த நன்றியையும் நான் வாங்கிக்கொண்டேன்.

இத்தனைக்குப் பிறகும் வண்டி சரியாகவில்லை. ஏசி போட்டு மேம்பாலம் ஏற்றினால் அதே உதறல். வேறு வழியில்லாமல் வயதான ஓர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அவரிடம் ஸ்கேனர் கிடையாது. ஹோல்டரில் மாட்டிய 21 வாட் இண்டிகேட்டர் பல்பும் இரண்டு வயரும் வைத்திருந்தார். “எப்ப ஒதறுது?” என்று முதலில் கேட்டார். சொன்னேன். நான்கு காயிலின் கனெக்டரையும் கழற்றி, சாவியைப் போட்டு, கரண்ட் வரும் பின்னில் பல்பை வைத்துப் பார்த்தார். மூன்றில் பல்பு பளிச்சென்று எரிந்தது. மூன்றாவது காயிலின் கனெக்டரில் மங்கலாக எரிந்தது. வயரை லேசாக இழுத்தார். அணைந்தது.

நான் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். 12 வோல்ட் காட்டியது. அவர் தலையாட்டினார். மீட்டர் இழுக்கும் கரண்ட் மிகமிகக் குறைவு. ஒற்றை இழை உயிரோடு இருந்தாலும் 12 வோல்ட் காட்டும். பல்பு கரண்ட் இழுக்கும், அதனால் உண்மை தெரிந்துவிடும். டேப்பைப் பிரித்து, ரப்பர் உறையைக் கீறிக் காட்டினார். ஒரு பிராக்கெட்டில் உரசி உரசி உறை தேய்ந்திருந்தது. உள்ளே செம்பு பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. இழைகள் அறுந்து, ஒன்றிரண்டுதான் மிச்சம். மேடு ஏறும்போது என்ஜின் மவுண்டிங்கில் சாயும். அப்போது அந்த வயர் இழுபடும். லோடு கூடும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுவதால் பொறிக்கும் அதிக மின்னழுத்தம் தேவை. அந்த நேரத்தில்தான் காயிலுக்குப் போதிய கரண்ட் வரவில்லை. டிரைவர் முதல் நாள் சொன்ன ஒரு வரி, எழுத்துக்கு எழுத்து சரி.

ஒரு சாண் வயரை வெட்டி, புது வயர் வைத்து ஈயம் வைத்தார். ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுதான் கேட்டார். அவர் போன பிறகு, கழிவுப் பெட்டியில் கிடந்த பழைய காயிலை எடுத்து வேறொரு வண்டியில் போட்டுப் பார்த்தேன். எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. இன்ஜெக்டரும் அப்படித்தான். டிரைவருக்கு நான் விற்ற எதுவும் அவருக்குத் தேவைப்பட்டதே இல்லை.

அன்றிரவு பழைய பில் புத்தகத்தைப் புரட்டினேன். இது ஒரு வண்டியோடு நிற்கும் விஷயம் இல்லை என்று அப்போது தெரிந்தது. பி 0171 என்று ஒரு கோடு உண்டு. பெட்ரோலுக்கு ஏற்ற அளவை விடக் காற்று அதிகம் என்று பொருள். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது எடைக் கணக்கில் சரியான கலவை. அது கெட்டதை ஆக்சிஜன் சென்சார் கண்டு சொல்கிறது. விரிசல் விட்ட ஒரு ஹோஸ் காரணமாக இருக்கலாம். தளர்ந்த பெட்ரோல் பம்ப் காரணமாக இருக்கலாம். நான் எத்தனையோ வண்டியில் ஆக்சிஜன் சென்சாரையே மாற்றியிருக்கிறேன். உண்மையைச் சொன்ன பாகத்தைக் கழற்றி எறிந்துவிட்டு அதற்குக் கூலியும் வாங்கியிருக்கிறேன். அவற்றில் எத்தனை நன்றாக இருந்தன என்று கண்டுபிடிக்க இப்போது வழி இல்லை. அந்த வண்டிக்காரர்கள் என்னைக் கைராசிக்காரன் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

உண்மை தெரிந்த பிறகும் நான் உடனே யாரிடமும் சொல்லவில்லை. இதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மாதக்கணக்கில் மூடி வைத்தேன். டிரைவர் தவணை தவறி, பைனான்ஸ்காரர்கள் வீடு வரை வந்து சத்தம் போட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். வழக்கமாக அவரைக் கூப்பிடும் குடும்பங்கள் கல்யாண விஷயம் பரவியதும் வேறு வண்டி பிடித்தன. அப்போதும் சொல்லவில்லை. பையனை ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தான். அவன் என்னைக் கண்டு ஒதுங்கியதைப் பார்த்த பிறகுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. அதாவது, என் வலிக்காகத்தான் நான் வாய் திறந்தேன். அவர்கள் வலிக்காக அல்ல.

முதலில் பையன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா முன்னாலேயே சொன்னேன். சம்பளப் பாக்கியை வைத்தேன். அவன் நிதானமாகக் கேட்டான். “நீங்க திட்டுனதுகூடப் பரவால்லண்ணே. அவரு முன்னாடி நான்தான் கெடுத்தேன்னு சொன்னீங்கள்ல, அதுதான்” என்றான். திரும்ப வருகிறாயா என்று கேட்டேன். இல்லை என்றான். வேறொரு ஒர்க்‌ஷாப்பில் நன்றாக இருக்கிறான்.

பிறகு டாக்சி ஸ்டாண்டுக்குப் போய் டிரைவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காயில், இன்ஜெக்டர், கூலி, கன்வெர்ட்டரின் மறுபாதி எல்லாம் கணக்குப் பார்த்துக் கொடுத்தேன். வண்டி நின்ற நாட்களின் வருமானத்தை என்னால் முழுக்கக் கொடுக்க முடியவில்லை. அவர் பணத்தை வாங்கிக்கொண்டார். “அன்னைக்குப் போன்ல ‘நிப்பாட்டு’ன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லண்ணே” என்றார். என்னிடம் பதில் இல்லை. அவர் இப்போது என்னிடம் வண்டி விடுவதில்லை. அது நியாயம்.

அந்தத் தாய்மாமன் வீட்டு முகவரியை டிரைவரிடம் வாங்கி வைத்திருக்கிறேன். இன்னும் போகவில்லை. பயமாக இருக்கிறது. போகிறேன் என்று இங்கே எழுதிவிட்டால் நல்ல பெயர் வந்துவிடும் என்பதால், அப்படியும் எழுதவில்லை. போகவில்லை என்பதுதான் இன்றைய உண்மை.

இப்போது வேறொரு பையன் என்னிடம் இருக்கிறான். அவனிடம் உட்கார்ந்து லைவ் டேட்டா படிக்கக் கற்றுக்கொண்டேன். வண்டிக்காரர் முன்னாலேயே அவனிடம் கேட்கிறேன். எந்தக் கோடையும் அழிக்கும் முன் அதையும் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் நோட்டில் எழுதுகிறேன். சந்தேகம் உள்ள பாகத்தை இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கிறேன். வயரைப் பல்பு வைத்துப் பார்க்கிறேன். இதற்காக எனக்குப் பாராட்டு வேண்டாம். இவை எல்லாம் முதல் நாளே நான் செய்திருக்க வேண்டியவை. சோதித்த பிறகே மாற்ற வேண்டும் என்பது இருபது வயதிலேயே எனக்குச் சொல்லித் தரப்பட்டது.

கார் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விளக்கு விட்டு விட்டு எரிந்தால் யார் என்ன சொன்னாலும் பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். கோடை அழிக்கும் முன் ஃப்ரீஸ் ஃப்ரேமைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாகத்தை மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொன்னால், எந்தச் சோதனையில் அது தெரிந்தது என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கடைசியாக ஒன்று. ‘எனக்குத் தெரியல, நாளைக்குப் பாத்துச் சொல்றேன்’ என்று ஒரு மெக்கானிக் உங்களிடம் சொன்னால், அவரை விட்டு வேறு இடம் தேடிப் போகாதீர்கள். அந்த ஒரு வரியை நான் சொல்லாமல் விட்டதற்குத்தான் ஒரு டிரைவரும், ஒரு பையனும், ஒரு கல்யாண வீடும் விலை கொடுத்தார்கள்.